இதய சி.டி. படிக்கக் கற்பது: ஓட்டல் பயிலரங்கு போதுமா?

#1 · பாகான் மருத்துவர் · பினாங்கு

வணக்கம். தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் உள்மருத்துவ நிபுணராக இருக்கிறேன். எங்கள் கதிரியக்கப் பிரிவுக்கு இதயத் தமனிகளைப் படமெடுக்கக்கூடிய புதிய சி.டி. கருவி வருகிறது. வாங்கும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காத நிர்வாகம், இப்போது "யார் அறிக்கை எழுதப் போகிறீர்கள்?" என்று வாராவாரம் நச்சரிக்கிறது. இதயநோய் நிபுணர் ஒருவர், கதிரியக்க நிபுணர் ஒருவர், நான் என்று மூன்று பேர் கற்றுக்கொள்வதாகப் பெயர் கொடுத்திருக்கிறோம்.

கோலாலம்பூர் ஓட்டல்களில் நடக்கும் வார இறுதிப் பயிலரங்குகளின் விளம்பரங்கள் எனக்குத் தொடர்ந்து வருகின்றன. சி.பி.டி. புள்ளிகள், அதாவது தொடர் கல்விப் புள்ளிகள், எத்தனை என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்கு ஒரு கணினி, யார் அருகில் உட்கார்ந்து சொல்லித்தருவார் என்ற விவரம் எதிலும் இல்லை. ஏ.பி.சி.யை (ஆண்டுத் தொழில் உரிமச் சான்றிதழை) புதுப்பிக்க மலேசிய மருத்துவ மன்றம் ஆண்டுக்குக் கேட்கும் 20 புள்ளிகள் எப்படியும் சேர்ந்துவிடும். எனக்கு அந்தக் கவலை இல்லை.

அமெரிக்க இதயவியல் கல்லூரியும் அமெரிக்க இதயச் சங்கமும் 2005-இல் வெளியிட்ட தகுதி அறிக்கையின்படி, தனியாக அறிக்கை எழுத இரண்டாம் நிலைப் பயிற்சி வேண்டும்: எட்டு வாரம், 150 படங்கள், அவற்றில் 50-க்கு ஸ்கேன் நடக்கும்போதே உடனிருக்க வேண்டும். பிற்கால வழிகாட்டிகள் எண்ணிக்கையை இன்னும் கூட்டியிருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு எட்டு வாரம் போக முடியாதவர்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

#2 · செந்தூல் கதிர் · கோலாலம்பூர்

டாக்டர், நான் கதிரியக்கப் பிரிவில் இருப்பவன். 150 என்பது வாசற்படி. எந்த 150 என்று யாரும் கேட்பதில்லை. உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பில் வந்த நலமான மனிதர்களின் படங்களையே எண்ணிக் கணக்கை நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருக்கமே இல்லாத தமனிகளைப் பார்த்துப் பார்த்துச் சுருக்கத்தை எடைபோடக் கற்க முடியுமா? பாதியாவது பிறகு ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களின் படங்களாக இருக்க வேண்டும். நீங்கள் 70 சதவீதம் என்று எழுதிய இடத்தில் கேத் லேபில் (ஆஞ்சியோகிராம் செய்யும் அறையில்) என்ன தெரிந்தது என்பதை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அது இல்லாத பயிற்சி, தானே திருத்திக்கொண்ட தேர்வுத்தாள்.

பயிலரங்குப் படங்களில் இன்னொரு சிக்கல். நிமிடத்துக்கு 55 துடிப்பு, ஒல்லியான உடம்பு, சொன்னவுடன் மூச்சை அடக்கும் நோயாளி. நம் ஊரில் அப்படிப்பட்டவர் எப்போதாவது வந்தால் அறையே மகிழ்கிறது.

ஒரு படத்தைச் சொல்கிறேன். துடிப்பு 74. வலது இதயத் தமனியின் நடுப்பகுதியில், நீட்டி வளைத்துக் காட்டும் படத்தில் தெளிவான ஒரு சுருக்கம். மென்பொருள் 68 சதவீதம் என்று எண்ணும் போட்டுவிட்டது. பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். அது இதயச் சுழற்சியின் (ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்பு வரை) 75 சதவீதக் கட்டத்தில் உருவாக்கிய படம். அதே தரவிலிருந்து 40 சதவீதக் கட்டத்தைத் திறந்தோம். தமனி வழுவழுவென்று இருந்தது. துடிப்பு மெதுவாக இருக்கும்போது, இதயம் விரிந்து ஓயும் நேரத்தின் பிற்பகுதியில் அசைவு மிகக் குறைவு. துடிப்பு ஏற ஏற அந்த இடைவெளி குறுகிவிடுகிறது; அப்போது இதயம் சுருங்கி முடியும் கட்டமே நமக்கு அமைதியான கட்டம். வலது தமனி மற்றவற்றைவிட வேகமாக அசைவது. அதனால் முதலில் பொய் சொல்வதும் அதுதான்.

தமனி படிக்கட்டுபோல் வெட்டுண்டு தெரிந்தால் நெஞ்செலும்பைப் பாருங்கள். எலும்பிலும் படிக்கட்டு இருந்தால் நோயாளி மூச்சு விட்டிருக்கிறார். எலும்பு நேராக இருந்து இதயம் மட்டும் வெட்டுண்டிருந்தால் துடிப்பு தவறியிருக்கிறது. இதைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும், ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

முப்பரிமாண வண்ணப் படத்தை நோயாளிக்குக் காட்டுங்கள். நீங்கள் குறுக்குவெட்டுப் படங்களை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

#3 · பழைய ஸ்டெதஸ்கோப் · தஞ்சோங் பூங்கா

தம்பி செந்தூல் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓட்டல் பயிலரங்குக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற பேச்சை எல்லாரும் நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள்.

64 அடுக்கு சி.டி. கருவிகள் வந்த புதிதில் ஒரு கருவி விற்பனை நிறுவனம் எங்களை அழைத்து விருந்து வைத்தது. பேச்சாளர் காட்டிய எந்தப் படத்திலும் கால்சியம் இல்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, "நீரிழிவு இருபது வருடம், டயாலிசிஸ் மூன்று வருடம், தமனி முழுக்கச் சுண்ணாம்பு. இவருக்கு இந்தக் கருவி என்ன சொல்லும்?" என்று கேட்டேன். பேச்சாளர் சிரித்தார், நிறுவனத்தின் ஆள் இனிப்பு பரிமாறச் சொல்லிவிட்டார். மாலை முழுவதற்கும் புள்ளி கிடைத்தது.

கேள்விக்கு விடை எளிது. அடர்ந்த கால்சியம் படத்தில் பூத்துப் பெரிதாகி, உள்ளே இருக்கும் வழியைச் சிறியதாகக் காட்டும். அப்படிப்பட்டவரிடம் பல நேரங்களில் "என்னால் மதிப்பிட முடியவில்லை" என்று எழுதுவதுதான் நேர்மையான அறிக்கை. இதை மேடையில் சொன்னால் கருவி விற்குமா?

#4 · ஸ்கேன் அறை அக்கா · பாயான் லெப்பாஸ்

நான் ரேடியோகிராபர், கருவியை இயக்கிப் படமெடுப்பவள். டாக்டர்கள் எல்லாரும் அந்த 150-ஐப் பற்றியே பேசுகிறீர்கள். 50 என்று ஒன்று இருக்கிறதே, ஸ்கேன் நடக்கும்போது உடனிருக்க வேண்டியது, அதைப் பற்றிப் பேச யாரும் இல்லையா? எங்களிடம் பயிற்சிக்கு வருபவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் கணக்கேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

உள்ளே வந்து பாருங்கள். வலது முழங்கை மடிப்பில் 18 அளவு ஊசி. நொடிக்கு 5 மில்லிலிட்டருக்கு மேல் சாய மருந்து போகப் போகிறது. புறங்கையில் போட்ட மெல்லிய ஊசி தாங்காது. துடிப்பு 60-க்குக் கீழே வர வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் கொடுத்திருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் டாக்டர் ஓடி வந்து "இன்னும் ஒன்று கொடுங்கள்" என்றால் எங்கள் அன்றைய பட்டியலே சரிந்துவிடும். ஆஸ்துமா உண்டா என்று யார் கேட்டீர்கள்? தமனியை விரிக்க நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் கொடுப்பதற்கு முன், வயாகரா வகை மாத்திரை ஏதாவது எடுத்தாரா என்று மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது யார்? பெரும்பாலும் நான்.

காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வாருங்கள், காப்பி, தேநீர் கூடாது என்று அச்சடித்துக் கொடுக்கிறோம். இந்த ஊரில் கோப்பி ஓ யாருக்கும் உணவுக் கணக்கில் வராது. "ஒன்றும் சாப்பிடவில்லை அம்மா, கோப்பி மட்டும்தான்" என்பார்கள். துடிப்பு 88-இல் நிற்கும்.

மூச்சுப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். நிறைய இழுத்து மார்பை இறுக்கிக்கொண்டால், சாய மருந்து கலக்காத இரத்தம் கீழிருந்து புகுந்து படம் மங்கலாகிவிடும். பாதி மூச்சு இழுத்து நிறுத்துங்கள் என்று அவரவர் மொழியில் சொல்லி, இரண்டு முறை ஒத்திகை பார்த்து, அடக்கும்போது துடிப்பு எவ்வளவு மாறுகிறது என்று திரையில் பார்க்க வேண்டும். கருவி பேசும் பதிவுக் குரல் எங்கள் தோட்டத்துப் பாட்டிகளுக்குப் புரியாது. தமிழில் நானே சொல்கிறேன், ஹொக்கியன் பேச ஒரு சகோதரி இருக்கிறாள்.

50 முறை இதையெல்லாம் பார்த்தவர் எழுதும் அறிக்கையில் "படத்தரம் மோசம்" என்ற வரிக்குக் காரணமும் சேர்ந்தே இருக்கும்.

#5 · பாகான் மருத்துவர்

அக்கா, இந்த ஒரு பதிலுக்காகவே இழை தொடங்கியது தகும். எங்கள் ரேடியோகிராபர்களையும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகத்துக்கு இன்று எழுதுகிறேன். அவர்கள் திட்டத்தில் டாக்டர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

கதிர் அளவைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

#6 · செந்தூல் கதிர்

பழைய முறையில், அதாவது துடிப்பு முழுவதும் கதிரை விடாமல் செலுத்தி எடுக்கும்போது, 12 மில்லிசீவர்ட்டும் (உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு) அதற்கு மேலும் போனதுண்டு. துடிப்பைக் கணித்து ஒரு கட்டத்தில் மட்டும் கதிரைத் திறக்கும் முறையில் சுமார் 3. நல்ல கருவி, மெதுவான சீரான துடிப்பு என்றால் 1-க்குக் கீழேயும் எடுக்கலாம். ஆக, அக்கா கொடுக்கும் அந்த மெட்டோப்ரோலால் மாத்திரை கதிர் பாதுகாப்புக் கருவியும்கூட.

கருவி காட்டும் டி.எல்.பி. எண்ணை (ஸ்கேன் முழுவதற்குமான கதிர் அளவுக் கணக்கு) 0.014-ஆல் பெருக்கி மில்லிசீவர்ட் சொல்வது பழக்கம். அந்த எண் மார்புக்கானது. இதயப் படத்துக்கு 0.026 பொருத்தம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஸ்கேன், கணக்கு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். "எங்கள் கருவியில் கதிர் மிகக் குறைவு" என்று யாராவது சொன்னால், எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள்.

#7 · பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் · கோலாலம்பூர்

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு சாதாரணக் கிளினிக் டாக்டர் நுழைகிறேன். நான் ஒருநாளும் இதய சி.டி.யைப் படிக்கப் போவதில்லை. ஆனால் அதை எழுதிக்கொடுப்பதும், அறிக்கையோடு திரும்பி வரும் நோயாளியிடம் "இனி என்ன செய்ய வேண்டும்" என்று சொல்வதும் நான்தான். எனக்கான தொடர் கல்வி எங்கே? எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் மாத்திரைக் கம்பெனியின் மதிய உணவுகள்.

போன வாரம் வந்தவர் 38 வயது, லாரி ஓட்டுநர், சிகரெட் உண்டு, தந்தை ஐம்பதைத் தாண்டவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது. ஏதோ ஒரு பரிசோதனைத் தொகுப்பில் கால்சிய மதிப்பெண் எடுத்து, பூஜ்யம் என்று ஒரு தாள் வைத்திருக்கிறார். "டாக்டர், எனக்கு இதயத்தில் ஒன்றுமில்லை, காற்றுப் பிடிப்புதான்" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். நான் என்ன சொல்ல வேண்டும்?

#8 · செந்தூல் கதிர்

அவரை உடனே இதயநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். தயவுசெய்து இன்றே.

மதிப்பெண்ணைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், பலருக்கும் குழப்பம் இருக்கிறது. 1990-இல் அகாட்ஸ்டன் குழு வகுத்த கணக்கு அது. 130 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேல் அடர்த்தி உள்ள இடத்தைத்தான் அது கால்சியம் என்று எண்ணும். அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரை ஒரு பெருக்கெண். சாய மருந்து இல்லாமல் எடுக்கும் படம் என்பதால் தமனியின் உள்வழி அதில் தெரியவே தெரியாது. அறிகுறி இல்லாத, ஐம்பதைக் கடந்த ஒருவருக்குப் பூஜ்யம் என்றால் நல்ல செய்தி. நாற்பதுக்குக் கீழே இருப்பவரின் தமனிச் சுவர்ப் படிவில் கால்சியம் சேர இன்னும் காலமே வந்திருக்காது. மென்மையான கொழுப்புப் படிவு தமனியைப் பாதி அடைத்திருந்தாலும் மதிப்பெண் பூஜ்யமாகவே இருக்கலாம். உழைத்தால் நெஞ்சு இறுகுகிறது என்பவருக்கு அந்தத் தாளை வைத்து ஆறுதல் சொல்லவே கூடாது.

நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 7 சதவீதம். தேசிய இதயநோய்ப் பதிவேட்டில் மாரடைப்போடு வருபவர்களில் நம் பங்கு அதைவிட மிக அதிகம்.

#9 · பழைய ஸ்டெதஸ்கோப்

கிளினிக் டாக்டர் கேட்டது இந்த இழையின் மற்றக் கேள்விகளைவிடப் பெரியது. ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில் 4,146 பேர். வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்தவர்களில், ஐந்து ஆண்டுகளில் இதயநோயால் இறந்தவர்களும் மாரடைப்புக்கு ஆளானவர்களும் சேர்ந்து 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. ஐந்து ஆண்டு முடிவில் இரு பக்கமும் ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் ஏறத்தாழச் சமம்தான். கூடியது தடுப்பு மருந்து. படிவைக் கண்ணால் பார்த்த டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதினார், நோயாளியும் விழுங்கினார். அந்த மருந்து எழுதும் இடம் கிளினிக்.

வட அமெரிக்காவில் 10,003 பேரை வைத்து நடந்த ப்ராமிஸ் ஆய்வில் சி.டி.க்கும், இதயத்தை உழைக்கவைத்துப் பார்க்கும் பழைய அழுத்தச் சோதனைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். விருந்துப் பேச்சுகளில் ஒன்றைச் சொல்பவர் மற்றதைச் சொல்லமாட்டார்.

#10 · பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்

நன்றி ஐயா. லாரி ஓட்டுநரைத் தொலைபேசியில் பிடித்தாயிற்று. முணுமுணுத்துக்கொண்டே போகச் சம்மதித்தார்.

இன்னொன்று. அறிக்கையில் "கேட்-ராட்ஸ் 2, பி3" என்று வருகிறது. 2 என்றால் லேசானது என்று விட்டுவிடலாம்தானே?

#11 · செந்தூல் கதிர்

விடக் கூடாது. கேட்-ராட்ஸ் எண் சுருக்கத்தின் அளவு. 2 என்றால் 25 முதல் 49 சதவீதம். 3 என்றால் 69 வரை. 70-ஐத் தொட்டால் 4. முழு அடைப்பு 5. இடது முதன்மைத் தமனிக்கு மட்டும் 50 சதவீதமே நான்காம் வகுப்பில் சேர்ந்துவிடும். 2016-இல் வந்த வகுப்புகள் இவை. 2022-இல் திருத்தியபோது படிவின் மொத்தச் சுமைக்கு பி1 முதல் பி4 வரை ஒரு குறி சேர்த்தார்கள். உங்கள் நோயாளிக்குத் தமனி எங்கும் அதிகம் சுருங்கவில்லை, ஆனால் படிவு நிறைய இருக்கிறது. ஸ்டென்ட் தேவைப்படாதவர்; ஸ்டாட்டினும், சர்க்கரை இருந்தால் அதன் கட்டுப்பாடும் கண்டிப்பாகத் தேவைப்படுபவர்.

"எச்.ஆர்.பி." (ஆபத்து மிகுந்த படிவு) என்று சேர்த்து எழுதியிருந்தால் இன்னும் கவனம். 30 அலகுக்குக் கீழ் அடர்த்தி, வெளிப்பக்கம் புடைத்த தமனிச் சுவர், புள்ளிபுள்ளியான கால்சியம், படிவைச் சுற்றி வளையம் என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அப்படி எழுதுவோம்.

#12 · மூன்றாமாண்டு மாஸ்டர்ஸ்

மன்னிக்கவும், ஒரு சந்தேகம். தமனியைத் தானே பிரித்து, சுருக்கத்தை அளந்து, படிவை எடைபோட்டு, கேட்-ராட்ஸ் எண்ணும் சொல்லும் மென்பொருள் வந்துவிட்டது. நாங்கள் நிபுணராகும்போது இந்த 150 கணக்கெல்லாம் எதற்கு?

#13 · பழைய ஸ்டெதஸ்கோப்

தம்பி, மேலே இரண்டாம் பதிவில் 68 சதவீதம் என்று எண் போட்டது யார் என்று படித்துப் பார்.

#14 · நாடித்துடிப்பு · கோலாலம்பூர்

இதயநோய் நிபுணராகச் சொல்கிறேன். கதிரியக்க நண்பர்கள் கோபிக்க வேண்டாம். கேத் லேபில் தமனியைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள். கம்பி எங்கே போகாது, எந்தக் கிளைக்கு ஸ்டென்ட் பயனில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். இதய சி.டி.யை நாங்கள் படிப்பதே முறை. வால்வை ஊசிவழி மாற்றும் சிகிச்சைக்கு வால்வு வளையத்தின் சுற்றளவையும், இதயத் தமனி வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளக்கும்போது, வால்வைப் பொருத்தப்போகிறவரே அளந்தால்தான் கை நடுங்காது.

#15 · செந்தூல் கதிர்

அளவை நீங்கள் எடுங்கள், மகிழ்ச்சி. அதே படத்தில் நுரையீரலின் கீழ்ப்பகுதி இருக்கிறது, கல்லீரலின் மேற்பகுதி இருக்கிறது, பெருந்தமனி இருக்கிறது. இதயத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "இயல்பு" என்று கையெழுத்திட்ட அறிக்கையை நான் மறுபடி படித்திருக்கிறேன். வலது நுரையீரலில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில் நுரையீரலைத் திறந்து பார்க்காமல் படத்தை மூடுவது எனக்கு ஏற்புடையதில்லை.

#16 · நாடித்துடிப்பு

அதை ஒப்புக்கொள்கிறேன். இருவர் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்றுதான் எந்த மருத்துவமனையும் வாய் திறப்பதில்லை. சண்டையின் வேர் அங்கே இருக்கிறது, அறிவில் இல்லை.

#17 · பாகான் மருத்துவர்

கட்டணச் சண்டையை வேறு இழைக்குக் கொண்டுபோங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நாங்கள் எடுத்திருக்கும் முடிவு இது. பயிலரங்குக்கு ஒரு முறை போகிறோம். இருவருக்கு ஒரு கணினியாவது கொடுக்கும், ஆஞ்சியோகிராம் முடிவுள்ள படங்களைத் தரும் இடமாகப் பார்த்து. அதன் பிறகு கோலாலம்பூருக்கு இரயிலில் நான்கு மணி நேரம் மாதாமாதம் போய்வர முடியாது. எனவே மாதம் ஒரு மாலை இணையவழி அமர்வு. பெயர் நீக்கிய படங்களை முன்கூட்டியே அனுப்புவோம், ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் பூட்டிவிட வேண்டும், அதன் பிறகுதான் கேத் முடிவு திறக்கப்படும். செந்தூல் கதிர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார். நாடித்துடிப்பு கேத் படங்களோடு வருகிறார். புள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா என்று பிறகு பார்ப்போம். கிளினிக் டாக்டர்களுக்கு முதல் அரைமணி நேரம்: அறிக்கையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்பது மட்டும்.

#18 · மூன்றாமாண்டு மாஸ்டர்ஸ்

நானும் சேரலாமா? படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவீர்களா?

#19 · செந்தூல் கதிர்

சேரலாம். வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூட வரக் கூடாது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு இருக்கிறது. அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோப்பின் தலைப்பிலிருந்து பெயரை அழித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கதிர் அளவுப் பக்கத்திலும், கருவியிலிருந்து திரைப்பிடியாக எடுத்த படங்களிலும் நோயாளியின் பெயர் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். எந்த மென்பொருளும் அதைத் தானாக அழித்துவிடும் என்று நம்பாதீர்கள்.

#20 · ஸ்கேன் அறை அக்கா

கதிர் அளவுப் பக்கத்தை அனுப்பவே வேண்டாம். டி.எல்.பி. எண், துடிப்பு, கொடுத்த மாத்திரை, சாய மருந்தின் அளவு நான்கையும் நான் தனியாகத் தட்டச்சு செய்து தருகிறேன். புதன் மாலை என்றால் எனக்கு இயலாது, எட்டு மணி வரை பணி.

#21 · பாகான் மருத்துவர்

அப்படியானால் வியாழன், எட்டரை. முதல் படம் கால்சியம் நிறைந்த டயாலிசிஸ் நோயாளி. பழைய ஸ்டெதஸ்கோப் ஐயா கட்டாயம் வர வேண்டும்.